கஜுக் கொட்டையும் அரிசி மூடையும்: கினி-பிசாவுவின் பொருளாதாரத்தைத் திருகோணமலையிலிருந்து படிக்கும் முறை

உயர்தர வகுப்பில் பொருளியல் படிக்கும் மாணவரிடம் வறிய நாடொன்றின் பொருளாதாரம் பற்றி ஒப்படை கேட்டால், பத்தில் ஒன்பது பேர் ஒரே மாதிரியான ஒரு பக்கத்தையே கொண்டுவருவார்கள். மேலே கொடி இருக்கும்; அதன் கீழே மொத்த உள்நாட்டு உற்பத்தி, தலைக்குரிய வருமானம், பணவீக்க வீதம் என்பன இருக்கும்; கடைசியில் "இந்நாடு விவசாயத்திலும் மீன்பிடியிலும் தங்கியுள்ளது" என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கடைசி வரியிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாகத் திருகோணமலையில் இப்பாடத்தைக் கற்பித்துவரும் என்னுடைய கருத்து. எதை விளைவிக்கிறார்கள், எந்த மாதத்தில் விற்கிறார்கள், விற்ற காசுக்கு எதை வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்பவை தெரியாமல் எழுதப்படும் தலைக்குரிய வருமானம் வெறும் இலக்கமாகவே நின்றுவிடும்.

உதாரணத்துக்கு மேற்கு ஆபிரிக்காவின் கினி-பிசாவுவை எடுத்துக்கொள்வோம். செனகலுக்குத் தெற்கே அத்திலாந்திக் கரையில் இருக்கும் அந்நாட்டின் பரப்பு 36,125 சதுர கிலோமீற்றர், அதாவது இலங்கையின் பாதியைவிடச் சற்று அதிகம். மக்கள் தொகை ஏறத்தாழ 20 இலட்சம். தரவு தேடும்போது பெயரில் கவனமாக இருங்கள். கினி, எக்குவடோரியல் கினி, பப்புவா நியூகினி ஆகிய மூன்றும் வேறு நாடுகள். இவற்றுள் எக்குவடோரியல் கினி எண்ணெய் வளம் கொண்டது. அதன் தலைக்குரிய வருமானத்தைப் பிசாவுவின் கணக்கில் எழுதிய விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறேன்.

நெல், மீன், கஜு ஆகிய மூன்றையும் கண்ணால் கண்டு வளர்ந்த பிள்ளைகள் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். தம்பலகாமத்து வயலும் கொட்டியாரக் குடாவின் வள்ளங்களும் குச்சவெளிப் பக்கத்து மணல் காணிகளும் தெரிந்தவருக்குக் கினி-பிசாவு அத்தனை தூரமான ஊர் அல்ல.

விற்பதையும் உண்பதையும் முதலில் பிரித்தெழுதுங்கள்

ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கத்தில் நாடு வெளியே விற்கும் பொருளையும் வலப்பக்கத்தில் மக்கள் தினமும் உண்ணும் பொருளையும் எழுதுங்கள். கினி-பிசாவுவுக்கு இடப்பக்கம் ஒரு சொல்லில் முடிந்துவிடும். நாம் கஜு என்றும் பாடநூல்கள் மரமுந்திரிகை என்றும் சொல்லும் அந்தக் கொட்டையே பண்ட ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்கு 90 அளவில் இருக்கிறது. அதுவும் பருப்பாக அல்ல, கோதோடு, உடைக்காத கொட்டையாகவே பெரும்பாலும் இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் கப்பலேறுகிறது. வலப்பக்கத்தில் அரிசி. உள்நாட்டில் நெல் விளைந்தாலும் அது போதாமையால், ஆசியாவிலிருந்து வரும் அரிசியைக் கொண்டே பல குடும்பங்கள் ஆண்டின் ஒரு பகுதியை ஓட்டுகின்றன. கொட்டை ஆசியாவுக்குப் போகிறது, அரிசி ஆசியாவிலிருந்து வருகிறது என்ற இந்த ஒரு வரிக்குள் அந்நாட்டின் வர்த்தகக் கணக்கில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

பிசாவுவின் பொது மொழியான கிரியோலிலும் அந்தக் கொட்டைக்குக் கஜு என்பதை ஒத்த பெயர்தான். பிரேசிலிலிருந்து போர்த்துக்கேயக் கப்பல்களில் சென்ற மரமும் சொல்லும் அங்கும் இங்கும் ஒரே வழியால் வந்திறங்கியவை.

அடுத்து, இரண்டு பக்கங்களையும் இணைக்கும் விகிதத்தைக் கணக்கிடுங்கள். பாடநூலில் "வர்த்தக மாற்று விகிதம்" என்ற தலைப்பில் சூத்திரமாக வருவது, கினி-பிசாவுவின் கிராமங்களில் பண்டமாற்றாகவே நடக்கிறது. அறுவடைக் காலத்தில் வணிகர்கள் அரிசி மூடைகளோடு ஊருக்குள் வந்து கொட்டையை எடுத்துச் செல்வார்கள். நல்ல ஆண்டில் கிலோவுக்குக் கிலோ என்று பேரம் முடியும். மோசமான ஆண்டில் ஒரு கிலோ அரிசிக்கு இரண்டு கிலோ கொட்டையும் அதற்கு மேலும் கொடுக்க நேரும்.

கணக்கைக் கையால் செய்து பாருங்கள். கணக்கின் வசதிக்காக, 50 கிலோ அரிசி மூடையின் விலை அங்கு புழங்கும் நாணயத்தில் 20,000 பிராங் என்றும், ஒரு குடும்பம் பருவமொன்றில் 600 கிலோ கொட்டை பொறுக்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கொட்டை கிலோ 500 பிராங்குக்குப் போனால் அக்குடும்பத்துக்கு 15 மூடை அரிசி கிடைக்கும்; 250 ஆக விழுந்தால் ஏழரை மூடை. எட்டுப் பேர் கொண்ட வீட்டுக்கு மாதம் இரண்டு மூடை வேண்டும் என்றால், ஜூன் தொடக்கத்தில் வாங்கிய 15 மூடை ஜனவரி நடுப்பகுதிவரை வரும். ஏழரை மூடை செப்டெம்பர் முடிவதற்குள் தீர்ந்துவிடும். அவர்களுடைய நெல் அறுவடையோ நவம்பர் அளவில்தான் தொடங்குகிறது. இடைப்பட்ட வாரங்களில் அந்த வீடு கடன் வாங்கும், அல்லது ஒரு நேரச் சாப்பாட்டை நிறுத்தும். தலைக்குரிய வருமானம் சராசரியாக எவ்வளவு என்று கேட்பதைவிட, அரிசி எந்த மாதத்தில் தீர்கிறது என்று கேட்பது வறுமையை அதிகம் விளக்கும்.

இலங்கை மாணவர் இவ்விடத்தில் 1952ஆம் ஆண்டின் றப்பர்–அரிசி ஒப்பந்தத்தை நினைவுகூரலாம். சீனாவுடன் செய்த அவ்வொப்பந்தத்தில் ஆண்டுக்கு 50,000 தொன் றப்பருக்கு எதிராக 2,70,000 தொன் அரிசி பேசப்பட்டது. அங்கே பேரம் பேசியது ஓர் அரசாங்கம். பிசாவுவின் கிராமத்தில் பேரம் பேசுவது, வீட்டில் அரிசி இல்லாத ஒரு குடும்பம். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அந்நாட்டு அரசாங்கம் கொட்டைக்கு ஓர் ஆதார விலையை அறிவிக்கிறது. எங்கள் நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவிக்கப்பட்ட பின்னும் களத்து மேட்டில் தனியார் வியாபாரி என்ன விலைக்கு எடுத்தார் என்பது கந்தளாய் விவசாயிக்குத் தெரியும். ஆகவே அறிவிக்கப்பட்ட விலையைக் கிடைத்த விலையாக எழுதிவிடாதீர்கள்.

கொட்டையை வெட்டி நிறுத்துப் பாருங்கள்

இந்தப் பகுதியை வீட்டிலேயே செய்யலாம். பங்குனி, சித்திரை மாதங்களில் காய்ந்த கொட்டை ஒரு கிலோ வாங்குங்கள். நான் சென்ற முறை வாங்கியதை எண்ணியபோது 168 கொட்டைகள் இருந்தன. கோதுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொத்துப்போகச் செய்யும் என்பதால் கையுறை கட்டாயம். பழைய துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டலாம் என்று நினைத்து, இரண்டு விரல்களின் தோல் உரிந்த பிறகே நான் கையுறை வாங்கினேன். கொட்டையை நீளவாக்கில் பிளந்து, பருப்பை ஊசியால் கெந்தி எடுத்து, புழு விழுந்ததையும் சுருங்கியதையும் ஒதுக்கிவிட்டு மிகுதியை நிறுக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

உலகச் சந்தையில் கொட்டை வாங்குவோர் செய்வதும் இதே சோதனைதான். மாதிரியை வெட்டிப் பார்த்து, 80 கிலோ மூடை ஒன்றிலிருந்து எத்தனை இறாத்தல் பருப்பு தேறும் என்று கணித்து விலை சொல்வார்கள். பிசாவுக் கொட்டை இந்தக் கணிப்பில் நல்ல பெயர் பெற்றது. ஆயினும் வெட்டுவது, உலர்த்துவது, தோல் நீக்குவது, தரம் பிரிப்பது ஆகிய வேலைகள் அனைத்தும் வேறு நாட்டில் நடப்பதால், அவற்றின் கூலியும் இலாபமும் அங்கேயே தங்கிவிடுகின்றன. பெறுமதி சேர்த்தல் என்று பரீட்சையில் எழுதும் சொல்லின் பொருள், அந்த 168 கொட்டைகளை நான் வெட்டி முடித்த இரண்டரை மணித்தியாலத்தில்தான் எனக்கே சரியாக விளங்கியது.

அப்படியானால் அங்கேயே ஆலை போட்டால் என்ன என்று வகுப்பில் எப்போதும் ஒருவர் கேட்பார். ஆலைகள் போடப்பட்டிருக்கின்றன, பல நின்றும் போயிருக்கின்றன. கொட்டை மூன்று மாதத்தில் விளைந்து முடிவதால், ஆண்டு முழுதும் ஆலையை ஓட்ட வேண்டியவர் அந்த மூன்று மாதத்துக்குள் முழுத் தேவையையும் காசு கொடுத்து வாங்கிக் களஞ்சியப்படுத்த வேண்டும். அதற்கான வங்கிக் கடன் அந்நாட்டில் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வட்டி அதிகம். மின்சாரமும் நிச்சயமில்லை. தலைநகர் பிசாவுவுக்கான மின்சாரம் கரையோரம் நங்கூரமிட்ட மின்னுற்பத்திக் கப்பல் ஒன்றிலிருந்து வந்துகொண்டிருந்தது. கட்டண நிலுவை காரணமாக 2023 ஒக்டோபரில் அக்கப்பல் மின்சாரத்தை நிறுத்தியபோது நகரமே இருண்டது. 2022இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டைக் கண்ட எங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்குள்ளும் ஒரு பங்கீடு உண்டு. மரம் பெரும்பாலும் ஆணுடையது. கொட்டை பொறுக்குவதும் பழத்தைப் பிழிந்து சாறெடுத்துப் புளிக்கவைத்து விற்பதும் பெண்களின் வேலை. அந்தக் கஜு மதுவின் விற்பனை எந்த ஏற்றுமதி அட்டவணையிலும் வராது. ஆனால் பல வீடுகளில் பெண்ணின் கையில் நேரடியாகச் சேரும் காசு அதுதான்.

பருவ நாட்காட்டியின் மேல் அரசியல் திகதிகளைக் குறியுங்கள்

பன்னிரண்டு மாதங்களையும் ஒரு கோட்டில் எழுதி, மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை கஜு, ஜூன் அளவிலிருந்து ஒக்டோபர் வரை மழை, நவம்பரிலிருந்து ஜனவரி வரை நெல் அறுவடை என்று குறியுங்கள். எங்கள் பெரும்போகம், சிறுபோகம் போல இரண்டு வாய்ப்புகள் அங்கே இல்லை. மழை ஒன்றுதான், போகமும் பெரும்பாலும் ஒன்றுதான்.

இப்போது அதே கோட்டில் அரசியல் திகதிகளைக் குறியுங்கள். உள்நாட்டுப் போர் 1998 ஜூன் 7இல் தொடங்கியது. 2012 இராணுவப் புரட்சி ஏப்ரல் 12இல் நடந்தது. அதாவது வணிகர் காசோடு கிராமத்துக்குப் போகவேண்டிய நேரத்தில். அந்த ஆண்டில் ஏற்றுமதி ஏன் விழுந்தது என்பதைத் தனியாகத் தேட வேண்டியதில்லை, கோட்டைப் பார்த்தாலே தெரியும். உலக விலையும் அப்போது இறங்கியிருந்தது என்பதையும் சேர்த்தெழுதினால் விடை நேர்மையாக இருக்கும். 1980 நவம்பர் ஆட்சிக் கவிழ்ப்புக்குச் சொல்லப்படும் காரணங்களில் அரிசித் தட்டுப்பாடும் ஒன்று.

ஒரு காலத்தில் அந்நாட்டின் ஏற்றுமதி கஜு அல்ல, கச்சான். போர்த்துக்கேயர் காலத்தில் கச்சானே காசுப்பயிர். அரிசியையும் அந்நாடு அப்போது வெளியே அனுப்பியிருக்கிறது. விடுதலைப் போராட்டத்தின் தலைவர் அமில்கார் கப்ரால் அடிப்படையில் ஒரு விவசாய விஞ்ஞானி. 1953இல் நாட்டின் விவசாயத் தொகைமதிப்பை நடத்தியவர் அவர்தான். எந்த ஊரில் எந்த மக்கள் எதை விதைக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தார். புள்ளிவிபரம் சேர்க்கப் போன அந்தப் பயணமே பின்னர் அவருக்கு அரசியல் பாதையாகவும் ஆயிற்று. 1973 ஜனவரியில் அவர் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டெம்பரில் சுதந்திரம் பிரகடனப்படுத்தப்பட்டது, மறு ஆண்டு போர்த்துக்கல் அதை ஏற்றுக்கொண்டது. அந்த விடுதலைப் போர், நெல் வயல்களின் வரம்புகளைச் சிதைத்தது. 1980களுக்குப் பின் கஜு பெருகியபோது, சிதைந்த வயலைத் திருத்துவதைவிட மேட்டு நிலத்தில் கஜுக் கன்று நடுவது பலருக்கு இலகுவாகப் பட்டது.

அந்த வயலைப் பற்றி ஒரு பந்தி எழுதாவிட்டால் அந்நாட்டின் விவசாயம் விளங்காது. அந்நாட்டின் பலாந்தா இன மக்கள் கண்டற்காட்டை வெட்டி, கடல்நீர் வராதபடி களிமண் அணை கட்டி, உள்ளே நெல் விளைவிப்பார்கள்; அவ்வயலுக்குப் பொலாஞ்ஞா என்று பெயர். எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு முழங்காலளவைத் தாண்டுவது அரிது; அங்கே அது பல மீற்றர் ஏறி இறங்கும், ஆறுகள் வழியே உப்புநீர் நாட்டுக்குள் வெகுதூரம் புகும். அணை கட்டிய பிறகு மழைநீரைத் தேக்கி, வற்றுநேரத்தில் அணைக்கடியில் பதித்த குழாயைத் திறந்து உவரைக் கழுவி வெளியேற்ற வேண்டும். சில மழைக்காலங்கள் கடந்த பின்னரே நெல் நிற்கும். குழாய்க்கு முன்பு பனை முதலான மரங்களின் உட்குடைந்த தண்டையே பயன்படுத்தினார்கள். அணை உடைந்தால் ஒரே இரவில் எல்லாம் பழையபடி உவராகிவிடும். எங்கள் குளங்கட்டு உள்ளே இருக்கும் நீரைக் காக்கிறது, அவர்களுடைய அணை வெளியே இருக்கும் நீரைத் தடுக்கிறது. இரண்டுக்கும் ஊரே சேர்ந்து மண் போட வேண்டும் என்பதால், இளைஞர் நகரத்துக்குப் போய்விட்ட ஊரில் அணையும் நிற்பதில்லை.

கடலில் இரண்டு கணக்குகள்

கினி-பிசாவுவின் கடல் மீன்வளம் நிறைந்தது. கரைக்கு எதிரே 80க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட பிஜாகோஸ் கூட்டம் இருக்கிறது; ஆற்று வண்டலும் கண்டலும் மீன்குஞ்சுகளுக்கு இடம் கொடுக்கின்றன. இருந்தும் ஏற்றுமதி அட்டவணையில் மீனின் பங்கு மிகச் சிறியதாகவே தெரியும். இதைக் கண்டு மீன்பிடி அங்கே முக்கியமில்லை என்று முடிவுகட்டுவதே மாணவர் செய்யும் வழக்கமான பிழை.

வெளிநாட்டுக் கப்பல்கள் உரிமம் பெற்று மீனைப் பிடித்து, அந்நாட்டுத் துறைமுகத்தில் இறக்காமலே கொண்டுபோகின்றன. நாட்டுக்குக் கிடைப்பது உரிமக் கட்டணம். ஆகவே மீனைத் தேட வேண்டிய இடம் ஏற்றுமதி அட்டவணை அல்ல. அரசாங்க வருமானத்தில் வரியல்லாத வருமானம் என்ற வரி. 2019 முதல் 2024 வரையான ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின்படி ஒன்றியம் ஆண்டுக்கு 156 இலட்சம் யூரோ கொடுக்க உடன்பட்டது. ஒரு யூரோவுக்கு 655.957 பிராங் என்ற கணக்கில் இது ஏறத்தாழ 1,023 கோடி பிராங். அதில் 116 இலட்சம் யூரோ கடலுக்குள் நுழைவதற்கான கட்டணம். மிகுதி 40 இலட்சம் மீன்பிடித் துறையை வளர்ப்பதற்கு. மீன் போன இடத்தில் பதனிடும் வேலையும் போய்விடுவதால், இது கஜுவின் கதையேதான்.

இரண்டாவது கணக்கு கரையோர மக்களுடையது. மரத்தாலான நீள வள்ளங்களில் உள்ளூரவரும் செனகலிலிருந்து வந்து தீவுகளில் வாடி அமைத்துத் தங்குவோரும் பிடிக்கும் மீனைப் பெண்கள் வாங்கிப் புகையிட்டு, உப்பிட்டு, சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். பனிக்கட்டி இல்லாத இடத்தில் கருவாடுதான் களஞ்சியம். கொட்பே துறைமுகத்தின் பலநாள் படகையும் நிலாவெளியின் கரைவலையையும் ஒரே அட்டவணையில் கூட்டிப் போட்டால் எது மறைந்துபோகும் என்று யோசித்துப் பாருங்கள்; அங்கே மறைவதும் அதுவே.

நாணயம் அசையாத நாட்டில் நெருக்கடியை எங்கே பார்ப்பது

2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து இரண்டு மாதங்களுக்குள் 360ஐத் தொட்டபோது, நெருக்கடி வந்துவிட்டதைச் செலாவணி வீதமே எங்களுக்கு அறிவித்தது. கினி-பிசாவுவில் அந்த மணி அடிக்காது. 1997இல் தன்னுடைய பெசோவைக் கைவிட்டு மேற்கு ஆபிரிக்க நாணய ஒன்றியத்தில் சேர்ந்த அந்நாடு, டக்காரில் உள்ள பொது மத்திய வங்கி வெளியிடும் சீஎஃப்ஏ பிராங்கைப் பயன்படுத்துகிறது. அது யூரோவோடு நிலையாகப் பிணைக்கப்பட்டது. தாள் அச்சடித்துச் சம்பளம் கொடுக்கவும் முடியாது, கொட்டை விலை விழும்போது நாணயத்தைத் தாழ்த்தவும் முடியாது. பணவீக்கம் பெரும்பாலும் அடங்கியிருப்பது இதன் நன்மை. கொட்டை டொலரில் விற்கப்படுவதால், யூரோ வலுக்கும் ஆண்டில் அதே டொலர் விலைக்குக் குறைந்த பிராங்கே கிடைக்கும் என்பது தீமை.

ஆகவே நெருக்கடியை வேறு இடங்களில் தேடுங்கள்: நிலுவையில் கிடக்கும் அரச ஊழியர் சம்பளம், ஆசிரியர் வேலைநிறுத்தத்தால் பூட்டிய பாடசாலைகள், ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காத பட்டியல்கள். கடனைப் பற்றி எழுதுவோர் 2010 டிசெம்பரில் பெரும் கடன்சுமை கொண்ட வறிய நாடுகளுக்கான திட்டத்தின் கீழ் பெரும்பகுதி தள்ளுபடியானதைக் குறிப்பிட வேண்டும்; இல்லாவிட்டால் அந்த ஆண்டில் கடன் விகிதம் திடீரென்று ஏன் இறங்கியது என்பது புரியாது.

எண்களைக் கடைசியில் நிரப்புங்கள்

இவ்வளவும் எழுதிய பிறகு உலக வங்கியின் தரவுத்தளத்தையும் சர்வதேச நாணய நிதியத்தின் நாட்டறிக்கைகளையும் திறக்கலாம். ஒரே ஆண்டுக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். திருத்தப்பட்ட கணக்கு எது, மதிப்பீடு எது என்று அடிக்குறிப்பைப் பார்த்து, எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டையும் எழுதுங்கள். ஏற்றுமதித் தொன் கணக்கைத் துறைமுகமே சொல்கிறது. இரவில் எல்லை தாண்டிச் செனகலுக்கும் அங்கிருந்து காம்பியாவுக்கும் போகும் மூடைகளைச் சொல்வதில்லை. காம்பியா தான் விளைவிப்பதைவிட அதிகமான கஜுவை ஏற்றுமதி செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். மஞ்சள் இறக்குமதி தடைப்பட்ட நாட்களில் பாக்கு நீரிணையூடாக மஞ்சள் மூடைகள் வந்ததை அறிந்தவர் சுங்கத் திணைக்களத்தின் எண்ணை முழு உண்மையாக எடுக்கமாட்டார்.

பொஸ்பேற்று, பொக்சைற்று என்று கனிம வளங்களின் பட்டியலை நீட்ட வேண்டாம். அவை நிலத்துக்கடியில் இருக்கின்றன. ஒரு வரி போதும்.

முடிவில், மடித்த தாளின் பின்பக்கத்தில் அதே விகிதத்தை உங்கள் வீட்டுக்குக் கணக்கிடுங்கள். வயல் செய்யும் வீடாக இருந்தால், ஒரு மூடை நெல்லுக்கு எத்தனை கிலோ யூரியா வந்தது என்று 2019 முதல் ஆண்டுவாரியாக எழுதலாம். 2021 இரசாயன உரத் தடையின்போது அந்த எண் எங்கே போனது என்பது தனியாகத் தெரியும். கடலுக்குப் போகும் வீடாக இருந்தால், ஒரு கிலோ மீனுக்கு எத்தனை லீற்றர் மண்ணெண்ணெய் வந்தது என்று எழுதுங்கள். விலைகளுக்கு இணையத்தைத் தேடத் தேவையில்லை. பழைய பற்றுச்சீட்டுகளை எறியாமல் பிஸ்கற் தகரத்துக்குள் போட்டுவைத்திருக்கும் ஒருவர் எந்த வீட்டிலும் இருப்பார். பெரும்பாலும் அது அம்மம்மாவாகத்தான் இருக்கும்.